லைட் எப்போது அணைந்தது?

ஓவனுக்குள் எரியும் லைட் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: “ஓவன் லைட் எரியவில்லை. என்ன செய்யலாம்?” டாக்டர் முன்னால் உட்கார்ந்து “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது மாதிரி இது. எரியவில்லை என்பது தெரிகிறது. எரிந்தால் ஏன் எழுதப் போகிறீர்கள்? எப்படி அணைந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். ‘டப்’ என்று ஒரே சத்தத்தில் போனதா, நாலு நாள் மினுக்கிவிட்டுப் போனதா, சூடு ஏறியபிறகு போனதா, உள்ளே கழுவித் துடைத்த மறுநாள் போனதா? 26 வருடமாக ஓவன்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் டூல்ஸ் பையைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அதனால் கொஞ்சமாவது கதை சொல்லியிருந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயரும் ஊரும் போடவில்லை. வீட்டில் இன்னொருவருக்குத் தெரியாமல் கழற்றிப் பார்த்தவர்கள்தான் இதில் அதிகம்.

பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. “மெயினை அணையுங்கள்” என்று நான் எழுதும் இடத்தில், ஓவனின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள் என்று அர்த்தம் இல்லை. குமிழ் பெரும்பாலும் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், குமிழ் துண்டிப்பது நியூட்ரலாக இருக்கும். லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அலமாரிக்குள் பதித்த ஓவன், பிளக் கைக்கு எட்டாது என்றால் மெயின் போர்டில் அதற்கான எம்.சி.பி.யை, அதாவது கரண்ட் எகிறினால் தானே விழும் ஸ்விட்சை, இறக்குங்கள். ஓவன் ஆறியும் இருக்க வேண்டும். சரி, இனி கடிதங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஓவன் லைட் எரியவில்லை. பல்புதான் ஃபியூஸ் போயிருக்கும் என்று புதிது வாங்கி மாட்டினேன். அதுவும் எரியவில்லை. கடைக்காரர் கெட்ட பல்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாவதும் எரியவில்லை. ஃபேன் ஓடுகிறது, சூடும் வருகிறது. பழைய பல்பு கடைசி ஒரு வாரமாகக் கதவைக் கொஞ்சம் அடித்துச் சாத்தினால் எரியும், இல்லையென்றால் அணைந்துவிடும். ஓவனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டதா?

பதில்: அந்த ‘அடித்துச் சாத்தினால் எரியும்’ என்ற வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன், அம்மா. தட்டினால் எரிகிற லைட் என்றால் எங்கோ லூஸ் கான்டாக்ட். அறுந்த இழை ஆடி ஆடி ஒட்டிக்கொண்டு எரிவதும் உண்டுதான். ஆனால் அது ஒரு நாள், இரண்டு நாள் கூத்து. ஒரு வாரம் தாங்காது. போதாததற்கு மூன்று பல்பு மாற்றிவிட்டீர்கள். பல்பை மறந்துவிடுங்கள். போர்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் இரண்டு பேர்: கதவு ஸ்விட்ச், ஹோல்டர். முதலில் கதவு ஸ்விட்ச். உங்கள் ஓவனின் குமிழில் பல்பு படம் போட்ட நிலை ஒன்று இருக்கும், அல்லது லைட்டுக்குத் தனி பட்டன் இருக்கும். கதவை மூடிவைத்துக்கொண்டு அதைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் பல்பும் ஹோல்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன. கதவைத் திறக்கும்போது எரியவைக்கிற ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. கதவைத் திறந்தாலும் எரியவில்லை, குமிழைத் திருப்பினாலும் எரியவில்லை என்றால் இரண்டு வழிக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. அந்தப் பொதுவான இடம் பெரும்பாலும் ஹோல்டர்.

மெயினை அணைத்துவிட்டுக் கண்ணாடி மூடியைக் கழற்றி, பல்பையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்து ஹோல்டருக்குள் பாருங்கள். பீங்கான் கிண்ணம் ஒன்று, அதற்குள் மரை போட்ட உலோகச் சட்டை, அடியில் நடுவே நாக்கு மாதிரி ஒரு தகடு. அந்த நாக்கு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். பல்பின் அடியிலிருக்கும் ஈயப் பொட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுத்தினால்தான் இணைப்பு. பல்பை ‘இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று’ என்று முறுக்கி ஏற்றுகிறவர்கள் வீட்டில் இந்த நாக்கு அடியோடு படுத்துக்கிடக்கும். அதன்மேல் வருடக்கணக்கான சூட்டில் ஈயப் பொட்டின் அச்சு கருப்பாகப் பதிந்திருக்கும், சின்னக் குங்குமப் பொட்டு கருகின மாதிரி. புது பல்பு மரையில் முழுதாக ஏறி உட்கார்ந்தாலும் பொட்டுக்கும் நாக்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். நீங்கள் கதவை அடித்துச் சாத்தும்போது அந்த அதிர்ச்சியில்தான் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

கரண்ட் இல்லை என்று இன்னொரு முறை நிச்சயப்படுத்திக்கொண்டு, மரக்குச்சி ஒன்றால் நாக்கின் நுனியை நெம்பி 2 மில்லிமீட்டர் மேலே தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் பக்கத்துச் சட்டையைத் தொட்டு ஷார்ட் ஆகும். கரும்பொட்டை உப்புத்தாள் துண்டால் இரண்டு இழு இழுத்து மினுக்க வையுங்கள். தண்ணீர், எண்ணெய், ஸ்பிரே எதுவும் வேண்டாம். பல்பை ஏற்றும்போது கை இறுக்கம் போதும், நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

நாக்கு தூக்கத் தூக்கப் படுக்கிறது என்றால் அந்தத் தகட்டின் ஸ்பிரிங் தன்மை சூட்டில் செத்துவிட்டது. ஹோல்டரையே மாற்ற வேண்டும். சில ஓவனில் ஹோல்டரை உள்ளிருந்தே கிளிப்பை நெம்பி இழுக்கலாம். சிலவற்றில் ஓவனை வெளியே எடுத்துப் பின்பலகையைக் கழற்ற வேண்டும், அது உங்கள் வேலை இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவர் ஹோல்டருக்குப் பின்னால் வயர் செருகியிருக்கும் முனையையும் பார்க்கட்டும். அது கருகி உதிர்ந்து, நாக்குமேல் பழி போட்ட கதையும் உண்டு.

அப்புறம், அந்தக் கடைக்காரர் பாவம்.

கேள்வி: நான் கொஞ்சம் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவன். 25 வாட், 230 வோல்ட் ஓவன் பல்பைக் கழற்றி அளந்தேன். தடை 172 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி 2,116 ஓம் வர வேண்டும். பல்பு உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறதா? மாட்டினால் ஆபத்தா?

பதில்: தம்பி, கணக்கு சரி, 230-ஐ 230-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 2,116-தான். ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும் பல்பின் கணக்கு. நீங்கள் அளந்தது தூங்கிக்கொண்டிருக்கும் பல்பை. டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாகத் தடை ஏறும். எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும் இழை அது. ஆறிக் கிடக்கும்போது தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 25 வாட் பல்புக்கு 150-லிருந்து 200 ஓம் வரை வந்தால் பல்பு நல்ல பல்பு. உங்கள் 172 மிக அழகான எண்.

பல்பைப் போடும் அந்த முதல் நொடியில் பன்னிரண்டு மடங்கு கரண்ட் பாய்கிறது என்றும் இதற்கு அர்த்தம். அதனால்தான் பழைய பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது சாவது குறைவு. ஸ்விட்ச் போடும் நொடியில்தான் சாகும்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் அளந்து “60 வருகிறது, 85 வருகிறது, கரண்ட் குறைவாக வருகிறது” என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் கரண்டே இல்லை. பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து தொற்றிக்கொள்ளும் பேய் வோல்ட். டிஜிட்டல் மீட்டர் எதையும் இழுத்துக்கொள்ளாமல் வேடிக்கை பார்ப்பதால் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். பல்பை மாட்டியதும் காணாமல் போய்விடும். அப்படி வந்தால் வழியில் எங்கோ வயரோ ஸ்விட்சோ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி: பல்பின் மரை பொருந்துகிற மேஜை விளக்கு வீட்டில் இருந்தால் அதில் ஒரு நிமிடம் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: படுக்கை விளக்கில் போடும் சின்ன எல்.இ.டி. பல்பு ஓவன் ஹோல்டரில் கச்சிதமாகப் பொருந்துகிறது. கரண்டும் மிச்சம். போட்டால் என்ன?

பதில்: மரை பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஈ14, 14 மில்லிமீட்டர் குறுக்களவு. அங்கேயே ஒற்றுமை முடிந்துவிடுகிறது. எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதியில் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கிறது. அதில் கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் நல்ல ரகமாக இருந்தாலும் 105 டிகிரிக்குத்தான் செய்திருப்பார்கள். ஓவனுக்குள் நீங்கள் வைப்பது 180, 200, 220. முதல் தடவையிலேயே பிளாஸ்டிக் உருகி, அந்த வாடை அடுத்த பத்து தடவைக்கு ஓவனை விட்டுப் போகாது.

“அப்படியென்றால் பழைய குண்டு பல்பு போடலாமே, அதில் சர்க்யூட் இல்லையே?” என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், அவசரத்துக்கு ஒரு வீட்டில் சாதாரண 15 வாட் பல்பை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று எரிந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பல்பின் கண்ணாடி தனியாக மூடிக்குள் விழுந்து கிடக்கிறது, பித்தளைத் தொப்பி மட்டும் ஹோல்டரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியையும் தொப்பியையும் ஒட்டும் பசை சூட்டில் பொடியாகிவிட்டது. அடியிலிருந்த ஈயப் பற்றும் இளகி வழிந்திருந்தது. சாதாரணப் பற்று ஈயம் 190 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். தொப்பியை எடுக்க முக்கால் மணி நேரம். அந்த வீட்டம்மா எதுவும் திட்டவில்லை, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திட்டியிருக்கலாம்.

ஓவனுக்கென்று செய்த பல்பில் பசையும் பற்றும் வேறு. பல்பிலோ அட்டையிலோ 300 டிகிரி என்று போட்டிருக்கும். அந்த எண் இல்லாத பல்பை வாங்காதீர்கள். வாட்டும் பழையதைத் தாண்டக் கூடாது. மூடியில் 25 என்று போட்டிருந்தால் 25.

கேள்வி: என் வீட்டிலும் கண்ணாடி உடைந்து தொப்பி மட்டும் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பதில்: மெயின் அணைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, அடியில் பழைய துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள். நீட்டு மூக்குக் குறடால் தொப்பியின் விளிம்பைப் பிடித்து ஒரு ஓரத்தை உள்பக்கமாக மடக்குங்கள். மடக்கிவிட்டால் மரையின் பிடி தளர்ந்துவிடும். அப்புறம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். குறடு அடியிலிருக்கும் நாக்கைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல்பு போய்விட்டது, புதிது வாங்கி வைத்து ஒரு மாதமாகிறது. ஆனால் பல்பை மூடியிருக்கும் கண்ணாடி அசைய மறுக்கிறது. கணவர் பலம் போட்டுப் பார்த்தார், நான் போட்டேன், பையன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான், விரட்டிவிட்டேன்.

பதில்: விரட்டியது நல்ல காரியம். மூடியை நெம்பிப் பார்த்து எனாமலைப் பெயர்த்த ஓவன்கள் எத்தனை பார்த்திருக்கிறேன்! எனாமல் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

அது ஒட்டியிருப்பது எண்ணெய்ப் பிசுக்கால். வருடக்கணக்கில் ஆவியோடு ஏறிய எண்ணெய் மரைக்குள் இறங்கி, சூட்டில் வெந்து வெந்து அரக்காக இறுகியிருக்கும். அரக்கு என்றால் என்ன செய்வோம்? இளக்குவோம். ஓவனை மிகக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், மெயினையும் அணையுங்கள். மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கை சுடக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மூடியின் விளிம்பைச் சுற்றி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டு, உள்ளங்கை முழுதும் மூடியின்மேல் பதிய வைத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். விரல் நுனியால் பிடித்துத் திருகினால் வராது. கொஞ்சம் உள்ளே அழுத்தி, முதலில் வலப்பக்கம் ஒரு சின்ன அசைவு கொடுத்துவிட்டு இடப்பக்கம் திருப்பினால் ‘கிரக்’ என்று விட்டுக்கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், விரிசல் விட்டது கண்ணாடி இல்லை, பிசுக்கு.

எல்லா மூடியும் திருகு மூடி அல்ல. செவ்வக வடிவில் பக்கச் சுவரில் இருந்தால் அது கிளிப் மூடி, திருப்பினால் உடையும். முன்பக்க ஓரத்தில் தட்டையான மரக் கரண்டிக் காம்பைக் கொடுத்து மெல்ல நெம்ப வேண்டும். கம்பி வளையம் பிடித்திருக்கும் மூடியில் கம்பியை ஒதுக்கினால் போதும். கீழே கையை ஏந்திக்கொள்ளுங்கள், ‘பொத்’தென்று விழும். மாட்டும் முன் மூடியைக் கழுவி ஈரம் போகக் காயவிடுங்கள்.

கேள்வி: ஓவன் குமிழைத் திருப்பினேன். பளீரென்று ஒரு வெளிச்சம், ‘டப்’. வீடே இருட்டு. எம்.சி.பி.யைத் தூக்கினதும் நின்றுகொண்டது. இப்போது ஓவன் ஓடுகிறது, லைட் மட்டும் இல்லை. ஒரு சின்ன பல்பு வீட்டையே அணைக்குமா? உள்ளே வேறு ஏதோ எரிந்துவிட்டது என்று என் அண்ணன் சொல்கிறார்.

பதில்: அணைக்கும். இழை அறுகிற அந்த நொடியில் அறுந்த இரண்டு முனைக்கும் நடுவே ஒரு தீப்பொறி நிற்கும். அது இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகளுக்கும் தாவிவிட்டால் தடுக்க ஆளில்லாமல் கரண்ட் நேராகப் பாயும். கண் இமைப்பதற்குள் எம்.சி.பி. தன் வேலையைச் செய்துவிடும். நீங்கள் பார்த்த பளீர் வெளிச்சம் அதுதான். திரும்பத் தூக்கியதும் எம்.சி.பி. நின்றுவிட்டது, ஓவனும் ஓடுகிறது. பல்பை மாற்றுங்கள், அவ்வளவுதான். அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு விதம். பல்பைக் கழற்றி வைத்த பிறகும், குமிழைத் திருப்பும்போதெல்லாம் டிரிப் ஆனால் ஹோல்டரிலோ வயரிலோ ஷார்ட். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவின மறுநாள் மின்கசிவுக்கான பிரேக்கர் விழுந்தால் ஹோல்டருக்குள் ஈரம் தங்கியிருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். ஓவனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் ஓவன் லைட் நன்றாக எரிகிறது. ஓவன் சூடாகி 20 நிமிடம் ஆனதும் அணைந்துவிடும். ஆறினதும் தானாக எரியும். மூன்று மாதமாக இதே கதை. வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் வந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்தது, “ஒன்றுமில்லை” என்று போய்விட்டார்.

பதில்: ஆறின ஓவனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சல் விட்டபிறகு தெர்மாமீட்டர் வைத்த மாதிரி.

உலோகம் சூட்டில் விரியும், இது பள்ளிக்கூடப் பாடம். ஹோல்டரின் நாக்கு, அதைப் பிடித்திருக்கும் ரிவெட், பின்னால் வயரைக் கவ்வியிருக்கும் முனை, இந்த மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருப்பது, விரியும்போது விலகிவிடுகிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் ஒரு சிறு பொறி, அந்தப் பொறியில் கொஞ்சம் கருகல், கருகினதால் இன்னும் மோசமான தொடர்பு. மூன்று மாதத்துக்கு முன்னால் 40 நிமிடம் தாங்கியிருக்கும், இப்போது 20 என்று நினைக்கிறேன், சரியா?

இந்தக் கோளாறுக்கு நாக்கை நெம்புவதோடு நிறுத்தாமல் ஹோல்டரை மாற்றிவிடுங்கள். வருகிறவரிடம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: என்ன வயர் போடுகிறார் என்று. வீட்டு வயரிங்கில் போடும் சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்குத்தான். ஓவனின் முதுகில் அது ஒரு வருடத்தில் முறுக்கு மாதிரி நொறுங்கும். சிலிகான் உறை போட்டதோ, கண்ணாடி நார் உறை போட்டதோதான் அங்கே போக வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு எதிர்மாறான பிரச்சினை. லைட் அணையவே மாட்டேன் என்கிறது. கதவு மூடியிருக்கிறது, ஓவன் அணைந்திருக்கிறது, உள்ளே ஜெகஜ்ஜோதி. கரண்ட் பில் எகிறுமா?

பதில்: பில்லுக்குப் பெரிய ஆபத்தில்லை. 25 வாட் பல்பு 40 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆபத்து பல்புக்குத்தான், சுமார் 1,000 மணி நேர ஆயுசு உள்ளது, இரவும் பகலும் எரிந்தால் ஆறு வாரத்தில் கணக்கு முடிந்துவிடும்.

கதவைத் திறந்து, சட்டத்தின் ஓரத்தில் உள்ளே போய் வருகிற சின்னப் பித்தான் இருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்துங்கள். அணைந்தால் ஸ்விட்ச் நல்லது, கதவுதான் அதை எட்டவில்லை. கீல் தொங்கிப்போயிருக்கும், அல்லது கதவின் ரப்பர் பட்டை மடங்கிக்கிடக்கும். அழுத்தியும் அணையவில்லை என்றால் ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது. பித்தானே இல்லாத, தொடுதிரை ஓவன் என்றால் உள்ளே எலக்ட்ரானிக் போர்டிலிருக்கும் ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் குட்டி ஸ்விட்ச், ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் போர்டு வேலை.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒரு பல்பு போகிறது. எல்லாம் 300 டிகிரி பல்புதான். அட்டையில் 220 வோல்ட் என்று இருக்கிறது. எங்கள் வீட்டு மீட்டரில் மாலையில் 245 காட்டுகிறது. இதுதான் காரணமா?

பதில்: நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வோல்ட் 5 சதவீதம் ஏறினால் இழை பல்பின் ஆயுசு ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்களுக்கு ஏறியிருப்பது 11 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு ஆயுசுகூடத் தேறாது. 240 என்று எழுதின பல்பைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் சற்று மங்கலாகத் தெரியும், அது பரவாயில்லை. வீடு முழுக்கவே 245 என்றால் அதை வயரிங் ஆளிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஓவனில் மரை இல்லாத குட்டி பல்பு, இரண்டு கம்பி வளையம் நீட்டிக்கொண்டிருக்கிறது. புதிது மாட்டின மூன்றாம் நாள் கண்ணாடியில் ஒரு இடத்தில் பால் மாதிரி வெள்ளை விழுந்தது, பத்தாம் நாள் போய்விட்டது.

பதில்: அந்த வெள்ளையின் அளவு உங்கள் கட்டை விரல் அளவு இருந்ததா? அது ஹாலஜன் பல்பு, ஜி9 என்பார்கள். கம்பிகளுக்கு நடுவே 9 மில்லிமீட்டர். வேலை செய்யும்போது அதன் கண்ணாடிச் சுவரே 250 டிகிரிக்கு மேல் இருக்கும். விரலிலிருக்கும் எண்ணெயும் உப்பும் அதில் பட்டால் அந்த இடத்தில் குவார்ட்ஸ் வெந்து வெளுத்து, பலம் போய்விடும். அடுத்ததைக் காகிதத் துணியால் பிடித்து மாட்டுங்கள். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். இதைத் திருகக் கூடாது, நேராக இழுத்து நேராகச் செருக வேண்டும். என்னிடம் வேலை கற்க வந்த பையன் முதல் நாள் திருகினான். கம்பி ஒன்று ஹோல்டரிலேயே தங்கிவிட்டது.

கேள்வி: மைக்ரோவேவ் ஓவன் லைட்டும் இதே மாதிரிதானே? வெளி மூடியில் நாலு ஸ்குரூதான் இருக்கிறது.

பதில்: கழற்றாதீர்கள். அந்த நாலு ஸ்குரூவுக்குப் பின்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளக்கைப் பிடுங்கின பிறகும். பல்பு பல மாடல்களில் அதே கூட்டுக்குள்தான் இருக்கிறது. பல்புக்கென்று தனிச் சின்னக் கதவு வைத்திருக்கும் மாடல் என்று கையேட்டில் போட்டிருந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே செய்யலாம். இல்லையென்றால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

கேள்வி: தானே சுத்தம் செய்துகொள்ளும் முறையைப் போட்டேன். லைட் அணைந்துவிட்டது, கதவும் பூட்டிக்கொண்டது.

பதில்: கோளாறில்லை. 450 டிகிரிக்கு மேல் போகிற வேலை அது. பல மாடல்கள் அப்போது லைட்டைத் தாமே அணைத்துவிடும். ஆறி, கதவு திறந்துகொண்டதும் பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் பல்பை மாற்றுங்கள்.

கேள்வி: ஆள் வர ஒரு வாரமாகும் என்கிறார். அதுவரை லைட் இல்லாமல் ஓவனைப் பயன்படுத்தலாமா? பழைய பல்பைக் கழற்றிவிட்டேன்.

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அந்தச் செத்த பல்பைத் திரும்ப அதே இடத்தில் மாட்டி, கண்ணாடி மூடியையும் போட்டுவிடுங்கள். வெறும் ஹோல்டர் வாயைத் திறந்துகொண்டு நின்றால் ஆவியும் பிசுக்கும் உள்ளே இறங்கும். தட்டை எடுக்கும்போது கையும் அங்கே போகும். மினுக்கிக்கொண்டோ கருகல் வாடையோடோ அணைந்த லைட் என்றால் மட்டும் ஆள் வரும்வரை ஓவனைத் தொட வேண்டாம். உள்ளே பார்க்க டார்ச் போதும். கதவைத் திறக்காமல் கண்ணாடிக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் உங்கள் முகம்தான் தெரியும்.